பத்துச் சட்டை, ஒரே ஊர்: ஜிம் டௌட்டின் கணக்கு

ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர் ஒருவரின் வாழ்க்கையை மளிகைக்கடை நோட்டு மாதிரிப் படித்துவிடலாம். ஆண்டுக்கு ஒரு வரி. எந்த அணி, எத்தனை ஆட்டம், எத்தனை கோல், எத்தனை அசிஸ்ட் (அடுத்தவர் கோலுக்கு வழி போட்டுக்கொடுத்தது). ஜிம் டௌட்டின் நோட்டில் கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டுக் கூட்டினால் கிடைப்பது இதுதான்: வட அமெரிக்காவின் உச்ச லீகான என்ஹெச்எல்லில் 728 ஆட்டங்கள், 71 கோல்கள், 168 அசிஸ்ட்கள், பத்து அணிகள். வேய்ன் கிரெட்ஸ்கி 1981–82இல் ஒரே சீசனில் 92 கோல் போட்டவர். டௌட் 1991–92இல் தொடங்கி 2007–08 வரை ஆடிச் சேர்த்த மொத்தமே 71.

பெயரைத் தமிழில் எழுதினால், 'சந்தேகம்' என்று பொருள்படும் ஆங்கில 'டௌட்' என்றுதான் காதில் விழுகிறது. பொருந்தாத பெயர் என்று சொல்ல மாட்டேன். அவரை எடுத்த அணிகளில் பாதி, எடுத்த கையோடு சந்தேகப்பட்டு விட்டுவிட்டவைதான்.

மொத்தத்தை விட்டுவிட்டு வரிகளைத் தனித்தனியாகப் பார்த்தபோதுதான் இதை எழுதத் தோன்றியது. டௌட் முப்பது வயதைத் தொட்டது 1998–99 சீசனின் நடுவில். அந்த சீசன் முடியும்வரை அவர் ஆடியிருந்த என்ஹெச்எல் ஆட்டங்கள் 145. மீதி 583 ஆட்டங்களும் அதற்கு அப்புறம் ஆடியவை. ஐந்தில் நான்கு பங்கு, முப்பதுக்கு மேல்! கால்வேகத்தை நம்பிப் பிழைக்கும் ஆட்டத்தில், மற்றவர்கள் இறங்கத் தொடங்கும் இடத்தில் இவர் ஏறத் தொடங்கியிருக்கிறார். பிறகு ஊர் திரும்பி, பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுக்க இறங்கினார்.

எனக்கு இருக்கும் கேள்விகள் இரண்டு. முப்பதுக்கு முன் வேண்டாதவராக இருந்தவர் முப்பதுக்குப் பின் எப்படி வேண்டியவர் ஆனார்? அப்படி ஆனவர் பத்து வயதுப் பிள்ளைகள் முன்னால் நிற்கும்போது அவர் கையில் என்ன இருக்கும்?

கடலோரத்து ஊர்

நியூ ஜெர்சி மாநிலத்தின் அட்லாண்டிக் கரையில், ஓஷன் கவுண்டியில் இருக்கிறது டௌட்டின் ஊரான பிரிக் டவுன்ஷிப். நியூயார்க்காரர்கள் கோடைக்கு ஓடிவரும் பகுதி. மணல், அலை, மரப்பலகை நடைபாதை, பொரித்த தின்பண்டம். ஹாக்கி என்றதும் யாருக்கும் நினைவுக்கு வராத இடம். கனடாவில் பிள்ளைகளுக்கு ஏரி உறைந்தாலே போதும். கொல்லையில் தண்ணீரை ஊற்றிவிட்டால் இராத்திரியோடு ஆடுகளம் தயார். ஜெர்சி கடற்கரையில் கூரை போட்ட ரிங்க்கை, அதாவது செயற்கைப் பனிக்களத்தை விட்டால் வழியில்லை. பிரிக்கில் அப்படி ஒன்று உண்டு, ஓஷன் ஐஸ் பேலஸ் என்று பெயர்.

டௌட் பிறந்தது 1968 டிசம்பர் 25. மாநிலத்துக்கென்று ஒரு என்ஹெச்எல் அணி வந்தது 1982இல். கொலராடோவில் ஓடாத அணி இடம்பெயர்ந்து நியூ ஜெர்சி டெவில்ஸ் ஆனபோது அவருக்கு வயது 13. ஐந்தாண்டு கழித்து, 1987 டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில், அதே டெவில்ஸ் அவரை எட்டாவது சுற்றில், 149ஆவது ஆளாக எடுத்தது. அந்த ஆண்டு டெவில்ஸுக்கு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டாவது முறை. முதல் சுற்றில் அவர்கள் எடுத்தது பிரெண்டன் ஷனஹனை. பின்னாளில் 600 கோலைத் தாண்டி, ஹாக்கியின் புகழ்மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவர். ஒரே நாளில் ஒரே மேசையிலிருந்து எழுந்த இரண்டு பெயர்கள். நடுவில் ஏழு சுற்று இடைவெளி.

எட்டாவது சுற்றில் எடுப்பது என்றால் கிட்டத்தட்ட 'போகிற போக்கில் ஒரு சீட்டு வாங்கி வைப்போம்' என்ற மாதிரி. டௌட் கல்லூரிக்குப் போனார். மிச்சிகனின் வடகோடியில், கனடா எல்லையை ஒட்டி இருக்கும் லேக் சுப்பீரியர் ஸ்டேட். சின்னக் கல்லூரி, ஆனால் ஹாக்கியில் பெரிய கை. அவருடைய முதல் ஆண்டிலேயே, 1988இல், தேசிய சாம்பியன். 1991இல் தன் கல்லூரிக் கூட்டமைப்பின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதும் கிடைத்தது. அந்த வயதில் அவர் கோலுக்கு வழி போட்டுக்கொடுக்கும் சென்டர், முன்வரிசையின் நடு ஆள். அணியே அவரைச் சுற்றித்தான் ஓடியது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பத்து அணி மாறிய ஆட்டக்காரர் என்றதும் திறமை குறைந்தவர், உழைப்பால் ஒட்டிக்கொண்டவர் என்று நினைத்துவிடுகிறோம். டௌட் அவர் ஆடிய ஒவ்வொரு கட்டத்திலும் முதல் வரிசையில் இருந்தவர், கடைசிப் படியைத் தவிர. கடைசிப் படியில் அவரைவிட நல்ல சென்டர்கள் இரண்டு மூன்று பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். என்ஹெச்எல்லின் எந்த அணியிலும் கடைசி லைனில் (முன்வரிசைக் குழுவில்) ஆடுகிறவர் ஏதோ ஓர் ஊரின் நட்சத்திரமாக இருந்தவர்தான்.

18:36

1994–95இல் முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் தகராறு. லீக் ஜனவரி வரை பூட்டிக்கிடந்து, 48 ஆட்டங்களோடு சீசன் முடிந்தது. அந்த 48இல் டௌட் ஆடியது பத்தே ஆட்டம். ஒரு கோல், நான்கு அசிஸ்ட். சீசனுக்குப் பிந்தைய நாக்-அவுட் சுற்றான பிளேஆஃபில் டெவில்ஸ் இறுதிவரை போனது. எதிரே ஸ்காட்டி பௌமன் பயிற்சியில் டெட்ராய்ட் ரெட் விங்ஸ். லீகில் அந்த ஆண்டு அதிகப் புள்ளி எடுத்த அணி.

ஜூன் 20, இரண்டாவது ஆட்டம், டெட்ராய்டின் ஜோ லூயிஸ் அரங்கம். மூன்றாம் பகுதி தொடங்கியதும் ஃபெடரோவ் போட்ட கோலில் ரெட் விங்ஸ் 2–1 முன்னிலை. பிறகு டெவில்ஸின் ஸ்காட் நீடர்மேயர் தன் பக்கத்திலிருந்தே பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) தள்ளிக்கொண்டு போய் அடித்தார். கோலுக்குப் பின்னாலிருக்கும் தடுப்புப் பலகையில் பட்டுத் திரும்பியதைத் தானே மறுபடி பிடித்து உள்ளே போட்டார். 2–2. இப்படி ஒரு கோலுக்குப் பிறகு கேமரா நீடர்மேயரை விட்டு நகர மறுப்பது இயல்பு.

ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம் இருக்கும்போது எதிரிப் பகுதியின் எல்லைக்கோடான ப்ளூ லைன் பக்கமிருந்து அணித்தோழர் ஷான் சேம்பர்ஸ் அடித்தார். அடி நேராக உள்ளே போகவில்லை. கோல் முன்னால் கூட்டம், கால்கள், ஸ்டிக்குகள், பக் தெறித்தது. தெறித்த இடத்தில் டௌட் நின்றிருந்தார். உள்ளே தள்ளினார். 18 நிமிடம் 36 விநாடி, மிச்சம் 1:24. பிரிக் டவுன்ஷிப்பிலிருந்து வந்தவர், டெவில்ஸுக்கு ஆடிய முதல் நியூ ஜெர்சிக்காரர், என்ஹெச்எல்லின் பட்டமான ஸ்டான்லி கோப்பையின் இறுதியில் வெற்றி கோல் போட்டார். ஒரு நிமிடம் கழித்து அணித்தோழர் ரிஷே, கோல்கீப்பர் விலகியிருந்த காலி கோலில் ஒன்று போட, 4–2. டெவில்ஸ் தொடரை நான்குக்கு நான்கு வென்றது.

அந்தக் கோலைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் தெரிவது அடி அழகு இல்லை, நின்ற இடம். பக் எங்கே தெறிக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எந்தக் கோணத்திலிருந்து அடித்தால் பெரும்பாலும் எந்தப் பக்கம் விழும் என்று ஓரளவு சொல்லலாம். அங்கே போய் நிற்பதற்கு முதுகில் ஸ்டிக் இடி வாங்கத் தயாராக இருக்கவேண்டும். நட்சத்திரங்கள் அங்கே எப்போதாவது போவார்கள். பத்து ஆட்டம் மட்டுமே கிடைத்தவருக்கு அங்கே போவதைவிட வேறு வேலை கிடையாது.

கோப்பையில் பெயர் பொறிக்க ஒரு விதி உண்டு: சீசனின் பாதி ஆட்டமாவது ஆடியிருக்கவேண்டும், அல்லது இறுதித் தொடரில் ஓர் ஆட்டமாவது. டௌட் இரண்டாவது கதவு வழியாக உள்ளே போனார்.

காகிதத்தில் ஆடிய அணிகள்

கோப்பை வென்று ஆறே மாதம். 1995 டிசம்பர் 19 அன்று டெவில்ஸ் அவரை ஹார்ட்ஃபோர்டுக்கு டிரேட் செய்தது, அதாவது ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டது. அதே நாளில் ஹார்ட்ஃபோர்டு அவரை வான்கூவருக்குத் தள்ளிவிட்டது; பதிலுக்கு அவர்களுக்கு வேண்டியிருந்தது ஜெஃப் பிரௌன் என்ற டிஃபென்ஸ் ஆட்டக்காரர். ஆக, டௌட் ஹார்ட்ஃபோர்டு ஆட்டக்காரராக இருந்தது ஒரு பொழுது. கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு, நடுவில் ஓர் ஊருக்குப் பெயரளவில் சொந்தமாகி. ஊரின் செல்லப்பிள்ளை என்ற பேச்செல்லாம் அன்றைக்கு விலைபோகவில்லை.

அதற்கடுத்த ஆண்டுகளை வேகமாகச் சொல்லிவிடலாம், அவையும் வேகமாகத்தான் போயின. 1996இல், மற்ற அணிகள் காப்பாற்றாமல் விட்டவர்களை எடுக்கும் வெய்வர் டிராஃப்டில் நியூயார்க் ஐலண்டர்ஸ் எடுத்தது; அங்கே என்ஹெச்எல்லில் ஆடியது மூன்று ஆட்டம், மற்றபடி கீழ்மட்ட மைனர் லீக் பஸ். 1997–98இல் கால்கரிக்கு 48 ஆட்டம். 1998 கோடையில் நாஷ்வில் வாங்கியது. புத்தம் புது அணி, முதல் ஆட்டம்கூட ஆடியிராத அணி. அந்த முதல் ஆட்டத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது எட்மன்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை: 1995இல் டௌட் அந்தக் கோலைப் போட்ட வாரங்களில், டெவில்ஸ் அணியையே அப்படியே நாஷ்வில்லுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்ற பேச்சு பத்திரிகைகளில் ஓடிக்கொண்டிருந்தது. அணி போகவில்லை. மூன்றாண்டு கழித்து இவர் மட்டும் போய், சட்டை அழுக்காகும் முன் கிளம்பினார்.

எட்மன்டன் 1998–99இல் அவரை ஆடவிட்டது ஒரே ஓர் ஆட்டம். மீதி நாளெல்லாம் அவர்களுடைய மைனர் லீக் அணியில், ஹாமில்டனில். அங்கேதான் முப்பது பிறந்தது.

நிறைய பேருடைய நோட்டு இந்த வரியோடு முடிந்துவிடும். ஐரோப்பா போவார்கள், அல்லது ஊருக்குப் போய் மைத்துனரின் தொழிலில் சேருவார்கள். தப்பில்லை.

இந்தக் காலத்தில் ஒரு விஷயத்தைப் பின்னால் வருவதற்காகக் குறித்துக்கொள்ளவேண்டும். 1997–98இல் கால்கரி அவரைத் தன் மைனர் லீக் அணியான செயின்ட் ஜானுக்கும் அனுப்பியிருந்தது. கனடாவின் நியூ பிரன்ஸ்விக் கரையில் இருக்கும் துறைமுக ஊர். அந்த அணி மைனர் லீக் பட்டமான கால்டர் கோப்பையின் இறுதிவரை போய்த் தோற்றது. அதே வசந்தத்தில் அங்கே ஆடிக்கொண்டிருந்த இன்னொருவர், டிராஃப்டில் எந்த அணியுமே எடுக்காத, 22 வயது, குட்டையான ஒரு பையன். பெயர் மார்ட்டின் சான் லூயி.

நான்காம் லைனின் வேலை

1999–2000இல் எட்மன்டன் அவருக்கு 69 ஆட்டம் கொடுத்தது. 2000 ஜூனில் புது அணியான மினசோட்டா வைல்ட், புது அணிகள் பழைய அணிகளிலிருந்து ஆள் எடுக்கும் விரிவாக்க டிராஃப்டில் அவரை எடுத்தது. அங்கே பயிற்சியாளர் ஜாக் லெமேர். 1995இல் டெவில்ஸ் பயிற்சியாளராக இருந்த அதே லெமேர். பழைய முதலாளி புதுக்கடை போட்டபோது பழைய ஆளைக் கூப்பிட்டுக்கொண்ட கதை இது. அணி மாறி மாறிப் போகிறவர்கள் தங்களை அறியாமல் சேர்த்துவைக்கும் ஒரே சொத்து இதுதான்: தங்களை நம்பலாம் என்று தெரிந்த நாலைந்து பேர், நாலைந்து ஊரில்.

மினசோட்டாவில் நான்கு சீசன், 283 ஆட்டம். அவருடைய மொத்தத்தில் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் இந்த ஒரே சட்டையில். 2001–02இல் 82 ஆட்டங்களிலும் ஒன்று விடாமல் ஆடினார். 13 கோல், 30 அசிஸ்ட்: வாழ்நாளிலேயே சிறந்த சீசன், 33 வயதில். 2003இல் வைல்ட் அணி கொலராடோவிடமும் வான்கூவரிடமும் தொடரில் 3–1 பின்தங்கி, இரண்டு முறையும் ஏழாவது ஆட்டத்தில் ஜெயித்து, அரையிறுதிக்குச் சமமான சுற்றுவரை போனது. அங்கே அனாஹைம் நான்கு ஆட்டத்தில் ஒரே ஒரு கோல் விட்டுக்கொடுத்து வெளியே தள்ளியது. அது கோல்கீப்பர் ஜிகேரின் தனிக்கதை.

அவர் என்னதான் செய்தார் என்று புரிய, ஹாக்கி பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கவேண்டும். களத்தில் கோல்கீப்பர் போக ஐந்து பேர். முன்வரிசையில் மூன்று பேர் சேர்ந்தது ஒரு லைன், நடுவில் நிற்பவர் சென்டர். ஓர் அணிக்கு நான்கு லைன். முக்கால் நிமிடம் முழுமூச்சாக ஓடிவிட்டு ஆட்டம் நிற்காமலே மாறிக்கொள்வார்கள். முதல் இரண்டு லைன் கோல் போடும். அடிமட்ட லைன்கள் எதிரியின் நல்ல லைனைக் களைக்கவைக்கும், ஆள் குறைந்த நேரத்தில் காவல் காக்கும், தன் பக்கத்து ஃபேஸ்-ஆஃபுக்கு வந்து பக்கை வாங்கிக் கொடுத்துவிட்டு உடனே ஓடி வெளியே போய்விடும்.

ஃபேஸ்-ஆஃப் ஓர் ஆட்டத்தில் சுமார் அறுபது முறை நடக்கும். நடுவர் பக்கை விட, இரண்டு சென்டர்கள் அதற்காக மோதுவார்கள். டி.வி.யில் பார்த்தால் ஒரு விநாடிக் குழப்பம். கிட்டப்போய்ப் பார்த்தால் அதற்குள் ஒரு தொழில் இருக்கிறது. கீழ்க்கையை ஸ்டிக்கில் எவ்வளவு இறக்குவது, எந்தப் பக்கம் இழுக்க நினைக்கிறோம் என்பதைப் பாதத்தின் சாய்வே எதிரிக்குச் சொல்லிவிடாமல் எப்படி மறைப்பது, இழுக்க முடியாது என்று தெரிந்தால் எதிரியின் ஸ்டிக்கைப் பூட்டிவிட்டு ஸ்கேட்டால் பக்கைப் பின்னால் உதைப்பது. அந்தக் காலத்து விதிப்படி வெளியூர் அணியின் சென்டர்தான் ஸ்டிக்கை முதலில் ஊன்றவேண்டும். உள்ளூர்க்காரர் அதைப் பார்த்துவிட்டு ஊன்றலாம். இதையெல்லாம் கல்லூரியின் நட்சத்திரமாக இருந்தபோது டௌட் யோசித்திருக்கவே தேவையில்லை, கைவேகம் பார்த்துக்கொள்ளும். முப்பதுக்கு மேல், இந்த வேலைக்காகத்தான் சம்பளம் என்று ஆனபோது, துண்டு துண்டாகப் பிரித்துப் படிக்கவேண்டியிருந்திருக்கும்.

என் முடிவு இங்கேதான் இருக்கிறது. 145 ஆட்டங்களுக்கும் 583 ஆட்டங்களுக்கும் நடுவில் நடந்தது திறமை வளர்ந்தது இல்லை. தன்னை யார் என்று நினைத்திருந்தாரோ அதைக் கீழே வைத்துவிட்டு, கேட்கப்பட்ட வேலையைக் கற்றுக்கொண்டது. அதற்குக் கர்வத்தை விழுங்கவேண்டும். விழுங்க மறுத்தவர்கள் நிறைய பேர். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது.

மிச்சத்தைச் சுருக்கிவிடுகிறேன். 2004 மார்ச்சில் மாண்ட்ரியாலுக்கு டிரேட், நான்காவது சுற்று டிராஃப்ட் வாய்ப்பு ஒன்றுக்காக. அடுத்த சீசன் முழுக்க லீக் பூட்டு. ஜெர்மனியில் ஹாம்பர்க் ஃப்ரீசர்ஸ் அணிக்கு ஆடினார். 2005–06இல் சிகாகோ, அங்கிருந்து கொலராடோ. 2006–07இல் மறுபடி டெவில்ஸ் சட்டை, 66 ஆட்டம். கடைசியாக 2007–08இல் பிலடெல்ஃபியாவுக்கு 73 ஆட்டம், 39 வயதில். அந்த அணி பிட்ஸ்பர்க்கிடம் தோற்றது இறுதிக்கு முந்தைய சுற்றில். அணி எண்ணிக்கையில் இவர் சாதனையாளர்கூட இல்லை. மைக் சிலிஞ்சர் பன்னிரண்டு அணிக்கு ஆடியவர், ஒன்பது முறை டிரேட் ஆனவர்.

பிள்ளைகள் பக்கம்

ஓய்வுக்குப் பின் டௌட் பெரிய அணிகளின் பயிற்சியாளர் பெஞ்சைத் தேடி ஊர் ஊராக அலையாமல் ஜெர்சி கடற்கரைக்கே திரும்பினார். கஷ்டப்படும் குடும்பங்களுக்காக நடத்திவரும் அறக்கட்டளை, அதற்காக ஊரில் நடக்கும் காட்சி ஆட்டம், கூடவே பிள்ளைகளுக்குப் பயிற்சி.

அவர் திரும்பிய நேரம் சுவையானது. 2008இல் அவர் கடைசி ஆட்டம். 2009இல் யுஎஸ்ஏ ஹாக்கி அமைப்பு பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையையே புரட்டிப்போட்டது. அதுவரை ஆறு வயதுக் குழந்தையும் 200 அடி நீளக் களத்தில், பெரியவர்கள் போலவே ஆடும். வேகமான ஒரு பையன் பக்கை எடுத்துக்கொண்டு ஓட, மீதிப் பேர் பின்னாலேயே தேர் இழுப்பது போல ஓடுவார்கள். பாதிப் பேர் ஸ்டிக்கில் பக் படாமலே வீடு திரும்புவார்கள். புது முறையில் சின்னவர்களுக்குக் களத்தைக் குறுக்கே வெட்டிக் கொடுத்தார்கள்; பயிற்சி நேரத்தில் ஒரே ரிங்கை ஆறு மூலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு மூலையிலும் ஒரு சின்ன வேலை. ஓர் ஆட்டத்துக்கு மூன்று பயிற்சி என்ற விகிதம். பெற்றோர்கள் கொதித்தார்கள். காசு கட்டியது முழுக் களத்துக்கு, இதென்ன பாதிக் களம் என்று.

2011இல் இன்னொன்று: பன்னிரண்டு வயதுப் பிரிவில் உடம்பால் மோதித் தள்ளுவதை எடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு கனடாவில் வெளிவந்த ஆய்வு ஒன்று, மோதலை அனுமதித்த ஆல்பர்ட்டாவையும் அனுமதிக்காத க்யூபெக்கையும் ஒப்பிட்டு, அதே வயதுப் பிள்ளைகளுக்கு ஆட்டத்தில் காயம்படும் அபாயம் ஆல்பர்ட்டாவில் மூன்று மடங்கு என்று காட்டியிருந்தது. மூளை அதிர்ச்சியும் அதில் சேர்த்தி.

இந்தச் சூழலில் 728 ஆட்டம் ஆடிய மனிதர் ஒருவர் சின்ன ரிங்குக்குள் வந்தால் என்ன நடக்கும்? மற்ற பயிற்சியாளர்களைப் போல அவரும் அமைப்பின் வகுப்புகளை முடிக்கவேண்டும், பின்னணிச் சோதனைக்கு உட்படவேண்டும். ஸ்டான்லி கோப்பையில் பெயர் இருப்பதால் விலக்கு கிடையாது. அதற்குமேல், பெற்றோர் எதிர்பார்ப்பு என்ற சுமை. என்ஹெச்எல் ஆட்டக்காரர் வந்திருக்கிறார், இனி நம் பிள்ளை என்ஹெச்எல் போகும் என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருக்கும் அப்பாக்கள்.

முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பிள்ளைகள் விஷயத்தில் சறுக்கும் இடம் எனக்குத் தெரிந்து இரண்டு. ஒன்று, பெரியவர்களின் தந்திரங்களை இறக்குமதி செய்வது. எட்டு வயதுக்காரர்களை வரிசையாக நிற்கவைத்து எதிரியை மடக்கும் சூத்திரம் சொல்லிக்கொடுத்தால் சனிக்கிழமை ஆட்டத்தில் ஜெயிக்கலாம். பதினான்கு வயதில் அந்தப் பிள்ளைக்கு ஸ்கேட்டிங் வராது. இன்னொன்று நுணுக்கமானது. கைவந்த கலையைக் கலைஞன் மறந்துவிடுகிறான். நட்சத்திர ஆட்டக்காரரிடம் எப்படித் திரும்பினாய் என்று கேட்டால் 'திரும்பினேன்' என்பார். உடம்புக்குத் தெரிந்தது வாய்க்கு வராது.

டௌட் வகையறாவுக்கு இந்த இரண்டாவது நோய் குறைவு என்று நினைக்கிறேன். முப்பதில் மறுபடி மாணவராகி ஒரு புது வேலையைத் துண்டு துண்டாகக் கற்றவருக்கு, அதைத் துண்டு துண்டாகச் சொல்லவும் வரும். பத்து உடைமாற்று அறைகளில் பத்து பயிற்சியாளர்கள் ஒரே விஷயத்தைப் பத்து விதமாகச் சொல்வதைக் கேட்டவர் அவர். லெமேர் சொன்ன விதம் ஒரு பிள்ளைக்குப் புரியாவிட்டால் சொல்ல இன்னொரு விதம் கைவசம் இருக்கும்.

இதை விதியாக்க முயன்றால் சான் லூயி குறுக்கே வந்து நிற்பார். செயின்ட் ஜானில் டௌட்டோடு ஆடிய அந்தக் குட்டையான பையன் 2004இல் லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதையும் ஸ்டான்லி கோப்பையையும் வென்றார், 2018இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். ஓய்வுபெற்று கனெக்டிகட்டில் தன் பிள்ளைகளின் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவரை 2022 பிப்ரவரியில் மாண்ட்ரியால் நேராகத் தலைமைப் பயிற்சியாளராகக் கூப்பிட்டது. பிள்ளைகள் அணியிலிருந்து என்ஹெச்எல் பெஞ்சுக்கு, நடுவில் படியே இல்லாமல். ஆக நட்சத்திரங்களுக்கும் சொல்லிக்கொடுக்க வரும். ஆனால் அவரும் யாரும் வேண்டாமென்ற இடத்திலிருந்து தொடங்கியவர், கால்கரி கைகழுவியவர். 1998இல் அந்தத் துறைமுக ஊரின் ஒரே உடைமாற்று அறையில், ஒருவருக்கு 29, இன்னொருவருக்கு 22, இருவருமே மேலே கூப்பிடுவார்களா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

டிசம்பர் 25 விஷயத்தையும் விடமுடியவில்லை. இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் பிள்ளைகளைக் காலண்டர் ஆண்டுப்படிதான் பிரிக்கிறார்கள். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே அணித் தேர்வுக்கு நிற்பார்கள். ஒன்பது வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்பது ஒரு தலை உயரம். கனடாவின் மேல்மட்ட ஹாக்கியில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே குவிந்திருப்பதை ரோஜர் பார்ன்ஸ்லியும் உடன் ஆய்ந்தவர்களும் 1985லேயே எடுத்துக்காட்டினார்கள். கிறிஸ்துமஸ் அன்று பிறந்த பிள்ளை இன்றைய தேர்வுநாளில் வரிசையிலேயே சின்னதாக நிற்கும். கையில் பலகை வைத்துக்கொண்டு குறிப்பெடுப்பவர் அதை 'வேகம் போதாது' என்று எழுதுவார். யாரை எடுப்பது, யாரை விடுவது என்று ஒன்பது வயதில் முடிவெடுக்கும் மேசையில், 33 வயதில் தன் சிறந்த சீசனை ஆடிய ஒருவர் உட்கார்ந்திருப்பது எனக்கு ஒரு நிம்மதி. அவர் அப்படித்தான் முடிவெடுப்பார் என்று இங்கிருந்து நான் சொல்லவும் முடியாது. ஒரே ஒரு மனிதரின் நோட்டை வைத்துக்கொண்டு ஒரு வர்க்கத்தையே எடைபோடுவது நேர்மையும் ஆகாது.

ஃபேஸ்-ஆஃபுக்கே திரும்புகிறேன், அதுதான் அவருடைய தொழில். பத்து வயதுப் பிள்ளையை வட்டத்துக்குள் நிறுத்தினால் அது செய்யும் முதல் தப்பு எப்போதும் ஒன்றுதான்: பக்கையே பார்க்கும். பக் விழுந்தபிறகு அசையும்; அதற்குள் எதிரி எடுத்துப் போயிருப்பான். முதல் பாடம், பக்கைப் பார்க்காதே, நடுவரின் கையைப் பார். விரல் திறக்கும்போதே நீ கிளம்பியிருக்கவேண்டும். இரண்டாவது பாடம் முழங்காலை மடக்கு. மூன்றாவது, தோற்றுவிட்டால் நின்று வருத்தப்படாதே, உன் ஆளைப் பிடி. பிள்ளை தலையாட்டிவிட்டு மறுபடி பக்கைப் பார்க்கும். பயிற்சியாளர் பக்கை எடுத்து, கையை நீட்டி, விரலை மட்டும் மெல்லத் திறந்து காட்டுவார். மறுபடி. மறுபடி.